பெயருக்கு யார் விலை கொடுப்பது?



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் குருமனையின் வாசல் மணி வழமையிலும் அதிகமாக ஒலிக்கும். முதலாம் வகுப்பு அனுமதிக் காலத்தில் ஞானஸ்நானப் பத்திரம் கேட்டு வருவோர் கூடுவார்கள். வெட்டுப்புள்ளிக் காலத்தில் ஆலோசனை கேட்டு வருவோர் கூடுவார்கள். முன்னவர்களில் சிலரை அதற்கு முந்திய ஐந்து வருடங்களிலும் கோவிலில் கண்டதில்லை என்பது வேறு கதை. பின்னவர்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில காலத்துக்கு முன் வத்தளையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன். தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். தாயார் வீட்டில் தையல் வேலை செய்கிறவர். பிள்ளைகள் மூவர். மூத்தவள் வர்த்தகப் பிரிவில் பரீட்சை எழுதி, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. அவளுடைய புள்ளியையும் வீட்டு வருமானத்தையும் பார்த்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கக்கூடிய நிலை. ஆனால் தாயாரின் கைப்பையில் இன்னொரு தாள் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரால் கொழும்பிலேயே பட்டம் வழங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் வண்ணப் பிரசுரம் அது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து முப்பது இலட்சம் ரூபாவுக்கு மேல் செல்லும். வீட்டுக் காணி உறுதியை வங்கியில் ஈடு வைத்தால் காசு கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார்கள்.

“கடன் வாங்கிறது பாவமா, சுவாமி?” என்று தகப்பனார் கேட்டார்.

பாவம் இல்லை என்றேன். அவர் மனம் ஆறவில்லை. அவர் கேட்க வந்த கேள்வி அதுவல்ல என்று எனக்கும் தெரிந்தது. சற்று நேரத்தின் பின் தாயார்தான் அதை வெளியே கொண்டு வந்தார். “மட்டக்களப்புக்கா அனுப்புறீங்கள் எண்டு சனம் கேக்குது, சுவாமி.”

வாசகரே, அந்தத் தாயைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம்முடைய வீடுகளிலும் இதே வாக்கியம் வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு சொல்லப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு நல்ல காரியத்தை விட்டு, கடன்பட்டுக் கிடைக்கும் ஒரு பெயரைத் தேர்ந்துகொள்வது நியாயமா? இதுவே அவர்களுடைய கேள்வி. விடை சொல்லுமுன் பெயர் என்று நாம் சொல்வதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஒரு கல்லூரிக்குப் பெயர் இருக்கிறது என்று சொல்லும்போது நாம் பல காரியங்களை ஒன்றாய்க் கட்டிச் சொல்கிறோம். அங்கே நன்றாகப் படிப்பிக்கிறார்கள் என்பது ஒன்று. நல்ல தோழர்கள் கிடைப்பார்கள், கெட்டித்தனமுள்ள பிள்ளைகளோடு இருந்து நமது பிள்ளையும் கெட்டிக்காரனாவான் என்பது இன்னொன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயர் கதவைத் திறக்கும் என்பதும் அதற்குள் இருக்கிறது. கடைசியாக, கலியாண வீட்டிலும் கோவில் வாசலிலும் “பிள்ளை எங்கே படிக்கிறது?” என்று யாரும் கேட்டால் நாம் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம் என்பது. முதல் இரண்டும் மெய்யான நன்மைகள். மூன்றாவது ஓரளவு மெய். நான்காவதற்கும் பிள்ளையின் கல்விக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் பல வீடுகளில் மற்ற மூன்றின் பெயரையும் சொல்லி நான்காவதற்கே பணம் செலுத்தப்படுகிறது.

அம்பிட்டிய குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில் எங்களுக்கு விளங்கப்படுத்திய ஒரு கருத்து இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மனிதனின் பேரின்பம் எதிலே அடங்கியிருக்கிறது என்று ஆராயும் புனித தோமஸ் அக்குவினாஸ், மரியாதையிலே அது அடங்கியிருக்க முடியாது என்று முடிவுசெய்கிறார். அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி அவர் சொல்லும் காரணம் எளிமையானது. மரியாதை பெறுகிறவனிடத்தில் இருப்பதைவிட அதைக் கொடுக்கிறவனிடத்திலேயே இருக்கிறது. கொடுத்தவன் நாளைக்கு மனம் மாறினால் அது போய்விடும். உங்கள் மகள் கற்ற கணக்கியல் அவளிடத்தில் இருக்கும். அயலவரின் வியப்போ அயலவரிடத்தில் இருக்கும். ஒரு வீட்டை ஈடு வைத்து அயலவரிடத்தில் உள்ள ஒன்றை வாங்குவது விசித்திரமான வியாபாரம் அன்றோ?

இதைச் சொல்லிக்கொண்டு போகும்போதே, வெள்ளவத்தையில் வாழும் எங்கள் வாசகர் ஒருவர் இடைமறிப்பது எனக்குக் கேட்கிறது. “சுவாமி, நீங்கள் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறீர்கள். நாங்கள் 83ஐப் பார்த்தவர்கள்.” அவருடைய வாதத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, அதே மாதிரிப் புள்ளி எடுத்த தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தப்பட்டார்கள். 1983 யூலையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தலைமுறைகளாகச் சேர்த்த சொத்து ஓர் இரவில் சாம்பலானதைக் கண்ட ஒரு சமூகம், எரிக்க முடியாத ஒரே சொத்து கல்வி என்று கண்டுகொண்டது. கப்பல் ஏறும்போது கையில் கொண்டுபோகக்கூடியது அதுதான். வெளிநாட்டில் செல்லுபடியாகும் பட்டம் என்றால் நமது மக்கள் காணியை விற்கவும் தயங்காதது இதனாலேயே. அதை வீண்பெருமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அவர்களுடைய காயத்தை மறப்பதாகும்.

ஆனாலும் அந்த வாசகரிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். அக்காலத்தில் நாடு கடந்து போனவர்களைக் காப்பாற்றியது எது? சான்றிதழின் தலைப்பில் இருந்த பெயரா, அல்லது அதைப் பெற உழைத்த உழைப்பா? பட்டம் செல்லாத நாட்டிலே பலர் மறுபடி பரீட்சை எழுதித்தான் முன்னுக்கு வந்தார்கள். மறுபடி எழுதும் திறன் அவர்களிடத்தில் இருந்தது. அதுவே எரியாத சொத்து. அதை வந்தாறுமூலையிலும் சம்பாதிக்கலாம். கொழும்பில் முப்பது இலட்சம் செலுத்தியும் சம்பாதிக்காமல் விடலாம்.

வெளிநாட்டுப் பட்டத்தைக் கொழும்பில் இருந்தபடியே படிப்பது புதிய காரியமும் அல்ல. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்கள் இலண்டன் பரீட்சைகளையே எழுதினார்கள். பல்கலைக்கழகம் வந்த பின்னும் இடம் போதவில்லை. மருதானை புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபராயிருந்த அருட்தந்தை பீற்றர் பிள்ளை 1954இல் கொழும்பில் அக்குவைனாஸ் கல்லூரியைத் தொடங்கினார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த இத்தமிழ்க் குருவானவர் உயர்கல்விக்கு இன்னொரு வாசலைத் திறந்தார். இன்றும் உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. ஆகவே தனியார் நிறுவனங்களை நான் பழிக்கவில்லை. இடம் கிடைக்காத பிள்ளைக்கு அது தேவை. என் கேள்வி இடம் கிடைத்த பிள்ளையைப் பற்றியது.

அமெரிக்காவில் இக்கேள்வியைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்னும் இரு பொருளியலாளர் 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்து, பல வருடங்களின் பின் அவர்களுடைய வருமானத்தை ஒப்பிட்டார்கள். அவர்களுடைய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் அதை விட்டு அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனவர்கள், பெயர்பெற்றதற்குப் போனவர்களை ஒத்த வருமானமே பெற்றிருந்தார்கள். பிள்ளையின் திறமையே பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. நேர்மையாக அதையும் சொல்லவேண்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெயர்பெற்ற கல்லூரி மெய்யாகவே உதவியிருந்தது. வசதியுள்ளவனுக்குத் தகப்பனும் மாமனும் திறக்கும் கதவை, ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயர் திறந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஆகவே பெயர் ஒன்றுமேயில்லை என்று உபதேசிக்கும் உரிமை எனக்கில்லை. அந்தப் பெயர் கடனில்லாமல் கிடைக்குமானால், அந்தக் கணக்கெழுதுகிறவரின் மகளுக்கு அதை இருகையாலும் வாங்கிக்கொள் என்றே சொல்வேன்.

நமது நாட்டிலே அவ்வாறு கடனில்லாமல் கிடைத்த காலமும் உண்டு, வழியும் உண்டு. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, கிராமத்து ஏழைப் பிள்ளையை நல்ல கல்லூரிக்கு அனுப்பும் ஏணியாகத்தான் தொடங்கியது. இன்று வருடந்தோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையை ரியூசன் வகுப்புக்கும் வீட்டுக்குமாக இழுக்கும் தாய்மாரைப் பார்க்கும்போது, ஏணியை ஓட்டப்பந்தயமாக்கிவிட்டோம் என்று தோன்றுகிறது. உயர்கல்விக்கு 1981இல் லலித் அத்துலத்முதலி அவர்கள் தொடங்கிய மகாபொல நிதியம் உண்டு. திறமைக்காகவும் வருமானக் குறைவுக்காகவும் அது உதவி வழங்குகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். விடுதியும் சாப்பாடும் புத்தகமும் அதற்குள் அடங்கா என்பதை நான் அறிவேன். ஆனால் வீட்டிலிருந்து அனுப்பவேண்டிய மிச்சத் தொகைக்கும் முப்பது இலட்சத்துக்கும் உள்ள தூரம், மட்டக்களப்புக்கும் வத்தளைக்கும் உள்ள தூரத்திலும் பெரியது.

தாயாரிடம் வேறு பயங்களும் இருந்தன. அவை அயலவரின் பேச்சைவிடக் கனமானவை. பகிடிவதை பற்றிக் கேட்டார். அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்றேன்; சட்டம் இருந்தும் அது நடக்கிறது என்று அவர் சொன்னார். அதை மறுக்க என்னால் முடியவில்லை. வேலைநிறுத்தங்களால் நான்கு வருடப் படிப்பு ஐந்தாகவும் ஆறாகவும் நீள்வதும் உண்மை. இப்படிப்பட்ட காரணங்களுக்காக ஒரு தாய் தயங்கினால் அது பெருமையல்ல, பொறுப்பு. அரச பல்கலைக்கழகம் என்றவுடன் எல்லாம் சரியென்று பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளையை அங்கே அனுப்பியிருக்கமாட்டார்கள் என்று சில வேளை எனக்குச் சந்தேகம் வரும்.

காசு கொடுத்துப் படிப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை வத்தளை மக்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பக்கத்து றாகமவில் 1980களின் தொடக்கத்தில் வட கொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரி இயங்கியது. எதிர்ப்புகளின் பின் 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. இன்று அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம். மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், பல இலட்சங்களைச் செலுத்திவிட்டு நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் இடையே காத்திருந்து, 2018இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கட்டணத்தை டொலரிலோ பவுணிலோ ஒப்புக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு, அங்கே ஒரு சதமும் கூடாமல் இங்கே சுமை மலைபோல் ஏறிற்று. நகை போனது, பிறகு இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் உண்டா என்று செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்ற நம் ஆண்டவரின் உவமையை ஞாயிறு பூசையில் கேட்கிறோம். அத்திவாரத்தோடு நின்றுபோன கோபுரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களும், அதைக் கட்டச் சொல்லி ஏவியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

இவ்வளவும் பணக் கணக்கு. அறநெறிக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. அதைத் தொடங்கி வைத்தது அந்தப் பிள்ளைதான். அதுவரை மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தவள், பேச்சின் நடுவே தகப்பனைப் பார்த்து, “அப்ப தம்பிக்கு என்ன செய்வீங்கள் அப்பா?” என்று கேட்டாள்.

தம்பிக்குப் பதினைந்து வயது. கடைசித் தங்கைக்கு ஒன்பது. ஈடு வைக்கப்போகும் வீடு அந்த மூன்று பிள்ளைகளும் தூங்கும் வீடு. முதலாவது பிள்ளையின் பெயருக்காக அதைச் செலவழித்தால், இரண்டாவதும் மூன்றாவதும் கேட்கும் நாளில் கொடுக்க ஒன்றும் இராது. எல்லாருக்கும் ஒரே தொகை கொடுப்பது நீதி என்று நான் சொல்லவில்லை. நோயாளிப் பிள்ளைக்கு அதிகம் செலவழிக்கும் தாய் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்யவில்லை. தேவைக்குத் தக்கதாகப் பங்கிடுவதே நீதி. ஆனால் இலவசமாக இடம் கிடைத்துவிட்ட பிள்ளைக்கு இந்தப் பணம் தேவையா, விருப்பமா? தேவை என்றால் பதினைந்து வயதுக்காரன் ஒருநாள் புரிந்துகொள்வான். விருப்பம் என்றால், அதற்கான விலையை வாய் திறக்க வயது வராத ஒருத்தி கொடுக்கப்போகிறாள். பெயருக்கு விலை கொடுக்கிறோம் என்று நாம் சொல்லும்போது அநேகமாக நாம் கொடுப்பதில்லை. அக்காவின் படிப்புக்காகத் தம்பி கொடுக்கிறான். அண்ணனின் வெளிநாட்டுப் படிப்புக்காகக் கலியாணம் பிந்திப்போன தங்கைமார் எத்தனை பேரை நான் கொட்டாஞ்சேனையில் பார்த்திருக்கிறேன். சில வேளை அந்தப் பிள்ளையே கொடுக்கிறது: கடன் அடைக்கவேண்டும் என்பதற்காகவே, தனக்குப் பிடிக்காத வேலையில் பத்து வருடம்.

அந்தப் பெற்றாரைக் குறை சொல்லுமுன் நமது சொந்த வீட்டையும் பார்ப்போம். பெயருக்கு அலையும் பழக்கத்தை நமது சமூகத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. கொட்டாஞ்சேனையில் 1865இல் தோன்றிய புனித பெனடிக்ற் கல்லூரியும் மருதானையில் 1896இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும் இன்று பெயர்பெற்றவை. அந்தப் பெயர் எப்படி வந்தது? 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றார் பாடசாலைக் கட்டிடங்களுக்குள் இரவு பகலாகத் தங்கியிருந்தார்கள். கையளிக்காமல் தனித்து நின்ற சில கல்லூரிகள் அரச உதவியின்றி, பெற்றாரின் நன்கொடையிலும் குறைந்த சம்பளத்துக்குப் படிப்பித்த ஆசிரியர்களின் பொறுமையிலும் பிழைத்தன. இன்று நாம் ‘பெயர்’ என்று பெருமையோடு சொல்வது வேறு மனிதரின் தியாகம். பழைய மாணவர் கழுத்துப்பட்டி கட்டும்போது இதை நினைக்கிறவர்கள் குறைவு.

புலமைப்பரிசிலும் அப்படித்தான். திறமைக்குக் கிடைத்தது என்று மாலை போடுகிறோம். அனுமதி முறையைப் பாருங்கள்: வர்த்தகம், விஞ்ஞானம் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு; 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப; 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வத்தளைப் பிள்ளை கம்பஹா மாவட்டத்தில் போட்டியிடுகிறது. அங்கே வெட்டுப்புள்ளி உயரம், ஆகவே தூரத்துப் பல்கலைக்கழகம் கிடைக்கிறது. இது அநியாயம் என்று முறைப்படுவோர் உண்டு. ஆனால் நமது பிள்ளைக்கு நீர்கொழும்பு வீதி நெடுக ரியூசன் வகுப்புகள். தோட்டத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமல் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு அவை இல்லை. நமது பிள்ளையின் திறமையில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு அவளுடைய முகவரியுடையது? இலவசம் என்கிற படிப்புக்கும் யாரோ கொடுக்கிறார்கள். சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கும்போது வரி செலுத்துகிற, பல்கலைக்கழக வாசலையே காணாத மக்கள் கொடுக்கிறார்கள். இலவசம் என்றபடியால் அது தரம் குறைந்தது என்று நினைக்கும் பெற்றார், அந்த மக்களின் காசை மலிவாக மதிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அன்று அவர்களிடம் நான் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. தகப்பனாரிடம் ஒரு காரியம் மாத்திரம் கேட்டுக்கொண்டேன். அன்றிரவு பிரசுரத்தையும் தெரிவுக் கடிதத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள ஊர்ப் பெயரையும் பல்கலைக்கழகப் பெயரையும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, மிச்சத்தை வாசித்துப் பார்க்கும்படி கேட்டேன்: பாடங்கள், படிப்பிக்கிறவர்களின் தகைமை, வருடங்கள், செலவு, பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பது. பிறகு தாளை எடுத்துவிட்டு, மனம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கச் சொன்னேன். அந்த மாற்றத்தின் விலைதான் முப்பது இலட்சம்.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, தகப்பனார் மாத்திரம் வந்தார். காணி உறுதியைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். தாயாருக்கு இன்னும் முழுமனதில்லையாம். பிள்ளை மட்டக்களப்புக்கு இரவு பஸ்சில் தகப்பனோடு ஒருமுறை போய், விடுதியைப் பார்த்துவிட்டு வர விரும்புகிறாளாம். அங்கே தெரிந்த கன்னியர் மடம் ஏதும் உண்டா என்று என்னிடம் விசாரித்தார். பதிவு செய்ய எட்டு நாள் மிஞ்சியிருந்தது.